ஆடித் தள்ளுபடிக்கு முன் மூன்று சர்வர்: ஹெச்ஏபிராக்ஸி அமைத்த அனுபவம்

போன வருடம் ஆடி முதல் வெள்ளி. காலை பத்தரைக்குத் தள்ளுபடி தொடங்கியது, பதினொன்றுக்குள் தளம் படுத்துவிட்டது. நான் பராமரிக்கும் அந்தச் சேலைக் கடைத் தளம் அதுவரை ஒரே சர்வரில் ஓடியது. 8 கோர், 16 ஜிபி ரேம், அதற்குள்ளேயே பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ், தளத்தின் நிரலை ஓட்டும் பிஹெச்பி, தரவை வைத்திருக்கும் மைஎஸ்கியூஎல் என்று கூட்டுக் குடும்பம். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று லாகின் செய்தால், நான் தட்டிய எழுத்து திரையில் வரவே மூன்று விநாடி ஆனது. மத்தியானம் வரை ரீஸ்டார்ட் செய்து செய்து ஓட்டினேன்.

“பேசாம இதைவிடப் பெரிய சர்வரா எடுத்துடலாமே தம்பி” என்றார் முதலாளி. எடுக்கலாம்தான். ஆனால் பெரிய சர்வரும் ஒரே சர்வர்தான். கெர்னல் அப்டேட் போட்டு ரீபூட் செய்ய ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கும் வேலை எனக்குக் குறையாது. இந்த வருட ஆடிக்கு முன் வேலையைப் பிரித்துப் போடுவது என்று முடிவானது. வெப் சர்வர் மூன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, முன்னால், வரும் கோரிக்கைகளை மூன்று வெப் சர்வருக்கும் பங்கிடும் லோட் பேலன்சராகச் சின்ன மெஷின் இரண்டு. எல்லாம் ஒரே விஎல்ஏஎன்னில், அதாவது ஒரே உள் நெட்வொர்க்கில்.

என்ஜின்எக்ஸே லோட் பேலன்ஸ் செய்யுமே, லோட் பேலன்சுக்கென்றே இருக்கும் ஹெச்ஏபிராக்ஸி மென்பொருள் ஏன் என்று கேட்கலாம். நானும் முதலில் என்ஜின்எக்ஸில்தான் போட்டுப் பார்த்தேன். இலவசப் பதிப்பில் ஒரு சர்வர் செத்துவிட்டதை அது தெரிந்துகொள்வது ஒரு வாடிக்கையாளரின் கோரிக்கையை அங்கே அனுப்பி அடி வாங்கிய பிறகுதான். ஒரு முறை தவறினால் 10 விநாடி ஒதுக்கிவைக்கும், பிறகு மறுபடி ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கும். சின்னத் தளத்துக்கு இது போதும். பணம் கட்டும் பக்கத்தில் இருப்பவர் அந்தச் சோதனை எலியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஹெச்ஏபிராக்ஸி தானாகவே ஒவ்வொரு சர்வரையும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 2 விநாடிக்கு ஒரு முறை; தொடர்ந்து 3 முறை தவறினால் வரிசையிலிருந்து எடுத்துவிடும், 2 முறை நன்றாகப் பதில் வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். கூடவே ஒரு நிலவரப் பக்கம். பச்சையும் சிவப்புமாக ஒரு பெரிய அட்டவணை. பார்க்க அழகில்லை, ஆனால் அடுத்த இரண்டு வாரம் நான் குடியிருந்தது அந்தப் பக்கத்தில்தான்.

கான்ஃபிக் எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பக்கப் பகுதியில் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 போர்ட்டும் சான்றிதழும். பின்பக்கப் பகுதியில் மூன்று வெப் சர்வருக்கு மூன்று வரி. அவ்வளவுதான். சான்றிதழில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல்: லெட்ஸ் என்க்ரிப்டின் இலவசச் சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் சாவியையும் சான்றிதழையும் தனித்தனி ஃபைலாக வைக்கிறது, நான் அமைத்த முறையில் ஹெச்ஏபிராக்ஸிக்கு இரண்டும் ஒரே ஃபைலில் வேண்டும். புதுப்பித்தல் நடந்ததும் இரண்டையும் ஒட்டி ரீலோட் செய்ய ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வைத்தேன். அப்புறம் தளத்தைத் திறந்தேன். “அதிகப்படியான ரீடைரக்ட்” என்று பிரவுசர் கைவிரித்தது. ஹெச்டிடிபிஎஸ் முன்னாலேயே முடிந்துவிடுவதால் உள்ளே இருக்கும் பிஹெச்பிக்கு வெறும் ஹெச்டிடிபிதான் தெரிகிறது. அது ஒவ்வொரு முறையும் “ஹெச்டிடிபிஎஸ்ஸில் வா” என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. அசல் நெறிமுறை எது என்று, கோரிக்கையோடு போகும் ஹெடர் என்ற குறிப்பு வரியில் எழுதி அனுப்பி, அதை நம்பச் சொன்னதும் சரியானது.

இதுவரை லோட் பேலன்சர் வேலை. இனிமேல் வந்ததெல்லாம் வேறு கதை. நான் மட்டும்தான் இருக்கிறேன் என்ற நினைப்பில் ஆறு வருடமாக எழுதப்பட்ட ஒரு மென்பொருளை, இல்லையப்பா நீங்கள் மூன்று பேர் என்று நம்பவைக்கும் வேலை.

முதலில் தெரிந்தது பிஹெச்பி செஷன், அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளரைப் பற்றியும் தளம் வைத்திருக்கும் குறிப்பு. கூடையில் ஒரு சேலையைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலி. இன்னொரு முறை ரீஃப்ரெஷ் செய்தால் மறுபடி காலி. மூன்றாவது முறை சேலை திரும்பி வந்துவிட்டது. செஷன் ஃபைல் அந்தந்த சர்வரின் டிஸ்கில் இருக்கிறது, கோரிக்கையோ சுற்றிச் சுற்றி மூவரிடமும் போகிறது. உடனடி மருந்து, ஆள் எந்த சர்வருக்குப் போனாரோ அங்கேயே ஒட்டவைப்பது. என்ஜின்எக்ஸில் சோதித்தபோது ஐபியை வைத்து ஒட்டியிருந்தேன், அது இந்தத் தளத்துக்கு ஒத்துவரவில்லை. நம் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் மொபைல் நெட்வொர்க்கிலிருந்து வருகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். போதாக்குறைக்கு என்ஜின்எக்ஸின் ஐபி ஹேஷ் முறை ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று எண்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஒரு சர்வர் மூச்சுத் திணற மற்ற இரண்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

ஹெச்ஏபிராக்ஸியில் குக்கீ வைத்து ஒட்டும் வசதி உண்டு. அது தானே ஒரு குக்கீயை நுழைத்து, அடுத்த முறை அதைப் பார்த்துப் பழைய சர்வருக்கே அனுப்பும். இரண்டு நாள் அதில் ஓட்டினேன். ஆனால் ஒரு சர்வரை நிறுத்தினால் அதில் இருந்த கூடைகள் அத்தனையும் போய்விடும், பிறகு எதற்கு மூன்று சர்வர்? செஷனை, மூன்று சர்வருக்கும் பொதுவாக நினைவகத்தில் தரவு வைக்கும் ரெடிஸுக்கு மாற்றினேன். மாற்றிய மறுநாள் வேறொரு புகார்: இரண்டு சேலையை வேகமாக அடுத்தடுத்துக் கூடையில் போட்டால் ஒன்றுதான் நிற்கிறது. ஃபைலில் செஷன் இருந்தபோது பிஹெச்பி அதைப் பூட்டிவிட்டுத்தான் வேலை செய்யும், இரண்டாவது கோரிக்கை காத்திருக்கும். பிஹெச்பியின் ரெடிஸ் நீட்சியில் அந்தப் பூட்டு இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கோரிக்கையும் ஒரே காலிக் கூடையைப் படித்து, ஆளுக்கொரு சேலையைப் போட்டு, பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்துவிட்டது. ஐஎன்ஐ ஃபைலில் ஒரு வரி. கண்டுபிடிக்க ஒரு முழு சாயங்காலம்.

கடையின் கணக்காளர் ஒருநாள் காலையில் கூப்பிட்டார். “தம்பி, ஆர்டர் அனுப்பியாச்சுன்னு கஸ்டமருக்கு மூணு மூணு மெசேஜ் போகுதாம்.” ஒரு சர்வரை அமைத்து அதையே நகல் எடுத்து மூன்றாக்கியிருந்தேன், குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலைகளும் சேர்ந்து நகலாகிவிட்டன. மூன்று பேரும் ஒரே நிமிடத்தில் எழுந்து ஒரே பட்டியலைப் படித்து எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறார்கள். க்ரானை டேட்டாபேஸ் மெஷினுக்கு மட்டும் மாற்றினேன். பொருள் படங்களிலும் இதே கதைதான், ஏற்றிய படம் ஒரு சர்வரில் மட்டும் இருந்தது. அதை, மூன்று சர்வரும் நெட்வொர்க் வழியே பகிரும் என்எஃப்எஸ்ஸில் வைத்துத் தீர்த்தேன். பெருமைப்படும்படியான தீர்வு இல்லை, ஓடுகிறது.

இந்த இரண்டு வாரத்தில் நான் மறக்காத மாலை ஒன்று உண்டு. நிலவரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதல் வெப் சர்வர் சிவப்பானது. சரி, ஏதோ என்று எஸ்எஸ்ஹெச்சில் போனேன். அது நன்றாகத்தான் இருந்தது, லோடுகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டாவதும் சிவப்பு. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மூன்றாவதும். தளத்தில் 503, சேவை கிடைக்கவில்லை என்ற பிழை. லாகில் ஒவ்வொரு வரியிலும் சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “நோஎஸ்ஆர்வி”, அதாவது அனுப்ப ஆளே இல்லை. பத்து நிமிடம் கழித்து, நான் எதையும் தொடாமலே, ஒவ்வொன்றாகப் பச்சையாகின.

அந்தப் பத்து நிமிடம்தான் துப்பு. லாகைப் பார்த்துச் சந்தேகமான ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் இயல்பாக ஓர் ஐபியைத் தடை செய்யும் நேரம் 10 நிமிடம். பழைய சர்வரில் அட்மின் பக்கத்துக்குத் தப்பான கடவுச்சொல்லை 5 முறை போட்டால் அந்த ஐபியைத் தடுக்கும்படி வைத்திருந்தேன். அதுவும் நகலோடு வந்துவிட்டது. இப்போது வெப் சர்வரின் லாகில் வரும் ஐபி எல்லாமே லோட் பேலன்சருடையது. எங்கோ இருக்கும் ஒரு பாட் (தானியங்கி நிரல்) கடவுச்சொல் போட்டுப் பார்க்க, வெப் சர்வர் “இந்த ஆள் சரியில்லை” என்று லோட் பேலன்சரையே தடுத்துவிட்டது. சோதனைப் பாக்கெட்டும் உள்ளே வராததால் ஹெச்ஏபிராக்ஸி அதைச் செத்ததாக எடுத்துக்கொண்டு, பாட்டை அடுத்த சர்வருக்கு அனுப்பியது. அங்கேயும் அதே.

வாடிக்கையாளரின் அசல் ஐபியை ஹெடரில் சேர்த்து அனுப்ப ஹெச்ஏபிராக்ஸியில் ஃபார்வர்டுஃபார் என்று ஒரு வரி போதும். வெப் சர்வர் பக்கம் என்ஜின்எக்ஸின் ரியல் ஐபி மாட்யூலில், லோட் பேலன்சர் இரண்டின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் அந்த ஹெடரை நம்பு என்று சொல்ல வேண்டும். எல்லாரிடமிருந்தும் நம்பினால் யார் வேண்டுமானாலும் பொய் ஐபி எழுதிக்கொண்டு வரலாம். வெளியிலிருந்தே அந்த ஹெடரோடு வந்தால் ஹெச்ஏபிராக்ஸி அதை அழிக்காமல் தன்னுடையதைக் கூடச் சேர்த்துவிடும் என்பதால், உள்ளே வரும்போதே பழையதை நீக்கும்படியும் ஒரு வரி சேர்த்தேன்.

லாகில் அசல் ஐபி வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஃபெயில்2பேன் இப்போது சரியான ஐபியைத் தடுக்கிறது, ஆனால் தடுப்பது வெப் சர்வரின் ஃபயர்வாலில். அங்கே பாக்கெட் வருவது லோட் பேலன்சரிடமிருந்துதானே? அசல் ஐபி ஹெடருக்குள்தான் இருக்கிறது, ஃபயர்வால் அதைப் படிப்பதில்லை. தடை பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் பாட்டுக்கு உள்ளே வந்து போகிறார். கடைசியில் ஃபெயில்2பேனை வெப் சர்வரிலிருந்து எடுத்துவிட்டு, ஓர் ஐபியிலிருந்து லாகின் பக்கத்துக்கு எத்தனை கோரிக்கை வருகிறது என்று எண்ணி மறுக்கும் வேலையை ஹெச்ஏபிராக்ஸியிடமே கொடுத்தேன்.

அடுத்த பாடம் ராத்திரியில் வந்தது. தொடக்கத்தில் சோதனைக்கு போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பிஹெச்பி தொங்கிப் போனாலும் என்ஜின்எக்ஸ் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கும் என்பதால் அது உதவவில்லை. ஒரு தனிப் பக்கம் எழுதினேன். கெட்டிக்காரத்தனமாக அதில் டேட்டாபேஸையும் சேர்த்தேன். படிக்க மட்டுமல்ல, எழுதவும் முடிகிறதா என்று பார்க்க ஒரு வரியை அப்டேட் செய்யும். இரண்டு நாள் கழித்து அதிகாலை இரண்டு பத்துக்கு மூன்றும் ஒன்றாகச் சிவப்பு. அந்த நேரத்தில் மைஎஸ்கியூஎல்டம்ப் பேக்கப் எடுக்கும். நான் கொடுத்திருந்த கட்டளையில் அது டேபிளைப் பூட்டிவிட்டுத்தான் எடுக்கும். படிக்கலாம், எழுத முடியாது. என் அப்டேட் காத்திருந்தது. சோதனைக்கென்று தனிக் காலக்கெடு வைக்காவிட்டால் அந்த 2 விநாடி இடைவெளியே காலக்கெடு. மூன்று சர்வரும் ஒரே பூட்டுக்குக் காத்திருந்ததால் மூன்றும் ஒரே நேரத்தில் வெளியே. சேலை பார்க்க மட்டும் வந்தவருக்குக்கூட 503.

பேக்கப்பை ஒற்றை ட்ரான்ஸாக்ஷன் முறைக்கு மாற்றினேன், மைஎஸ்கியூஎல்லின் இயல்பு வகையான இன்னோடிபி டேபிள்களுக்கு அதில் பூட்டு தேவையில்லை. சோதனைப் பக்கத்திலிருந்து டேட்டாபேஸை எடுத்துவிட்டேன். ஹெச்ஏபிராக்ஸி கேட்க வேண்டியது, “இந்த சர்வரை ஒதுக்கினால் மற்றதில் வேலை நடக்குமா?” என்பதுதான். டேட்டாபேஸ் எல்லாருக்கும் பொது. அது விழுந்தால் எந்த சர்வரை ஒதுக்கி என்ன லாபம்? அதைத் தனியாகக் கண்காணித்து என் போனுக்கு மணி அடிக்க வைத்தேன்.

பிறகு லோட் டெஸ்ட். ஒவ்வொரு வெப் சர்வரிலும் பிஹெச்பிக்கு, ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வொர்க்கர் 60 கொடுத்திருந்தேன். கோரிக்கையை ஏற்ற ஏற்ற, வெப் சர்வர்கள் ஜாலியாக இருக்க, டேட்டாபேஸ் “கனெக்ஷன் அதிகம்” என்று மறுத்தது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பு வரம்பு 151. மூன்று அறுபது 180. ஒரே சர்வராக இருந்தபோது இந்தக் கணக்கு என் கண்ணில் படவே இல்லை. வரம்பை ஏற்றிவிடுவதுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த டேட்டாபேஸ் மெஷினில் 120 கேள்வி ஒன்றாக ஓடும்போதே சிபியு நிரம்புவதைப் பார்த்தேன். 180 பேரை உள்ளே விட்டால் எல்லாருக்கும் மெதுவாகும், அவ்வளவுதான். வொர்க்கரை 40 ஆகக் குறைத்து, ஹெச்ஏபிராக்ஸியில் ஒவ்வொரு சர்வருக்கும் மேக்ஸ்கான், அதாவது ஒரே நேர இணைப்பு வரம்பு, 40 என்று வைத்தேன். 41வது ஆள் லோட் பேலன்சரின் வரிசையில் நிற்பார், எந்த சர்வரில் முதலில் இடம் காலியாகிறதோ அங்கே போவார். இதில் ஒரு கவனம்: படம், சிஎஸ்எஸ் போன்றவையும் அதே வரம்பில் மாட்டினால் ஒரு சேலைப் படத்துக்காகப் பணம் கட்டுபவர் வரிசையில் நிற்பார். அவற்றுக்கு அதே மூன்று மெஷினை வைத்து, வரம்பில்லாமல் இன்னொரு பின்பக்கப் பகுதி எழுதினேன்.

எந்த முறையில் பங்கிடுவது என்பதைப் பற்றி இணையத்தில் நீள நீளமாக விவாதிக்கிறார்கள். எனக்கு அது கடைசிக் கவலையாகத்தான் இருந்தது. தேடல் பக்கத்துக்கு ஒரு விநாடி, மற்றதுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு என்று நேரம் ஏறுக்குமாறாக இருந்ததால், முறை வைத்து அனுப்பும் ரவுண்ட்ராபினை விட்டு, யாரிடம் வேலை குறைவோ அவருக்கு அனுப்பும் லீஸ்ட்கானுக்கு மாறினேன். அதிலும் ஒரு வில்லங்கம். அப்போதுதான் எழுந்து வந்த சர்வரிடம் வேலை பூஜ்யம் என்பதால் அத்தனை பேரும் அதன் தலையில் விழுவார்கள், தொகுத்த பிஹெச்பி நிரலைச் சேமித்து வைக்கும் ஆப்கேஷ் இன்னும் சூடாகாத நேரத்தில். ஸ்லோஸ்டார்ட் 30 விநாடி என்று வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றும்.

லோட் பேலன்சரே விழுந்தால்? அதற்குத்தான் இரண்டாவது மெஷின், நடுவில், ஒருவர் விழுந்தால் மற்றவருக்கு ஐபியை மாற்றும் கீப்அலைவ்டி. பொது ஐபி இருவருக்கும் பொது. முதல் ஆள் “நான் இருக்கிறேன்” என்று விநாடிக்கு ஒரு முறை விஆர்ஆர்பி நெறிமுறையில் சொல்லிக்கொண்டிருப்பார், சத்தம் நின்றால் இரண்டாம் ஆள் ஐபியை எடுத்துக்கொள்வார். அமைத்த அன்று தளம் ஒரு நொடி வரும், ஒரு நொடி வராது. இரண்டு மெஷினிலும் பார்த்தால் இரண்டுமே அந்த ஐபியை வைத்திருந்தன. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழவில்லை. காரணம் என் ஃபயர்வால்: 22, 80, 443 போர்ட்டைத் திறந்திருந்தேன், ஆனால் விஆர்ஆர்பி டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. அதற்கு போர்ட்டே கிடையாது, 112 என்ற எண்ணுள்ள தனி நெறிமுறை. அதை அனுமதித்ததும் இரண்டாம் ஆள் ஒதுங்கிக்கொண்டார். இன்னொன்று, மெஷின் உயிரோடிருந்து ஹெச்ஏபிராக்ஸி மட்டும் செத்தால் கீப்அலைவ்டிக்குத் தானாகத் தெரியாது. முன்னுரிமை 100, 90 என்று வைத்து, ஹெச்ஏபிராக்ஸி ஓடவில்லையென்றால் 20 கழிக்கும் ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்தேன். முதல் மெஷினின் மின் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தேன். கணக்குப்படி மூன்று விநாடி மௌனமும் கொஞ்சமும், கிட்டத்தட்ட 3.65 விநாடி. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்ததில் நாலுக்குள் தளம் திரும்பிவிட்டது.

இந்த ஆடி முதல் வெள்ளி. பத்தரைக்கு வரிசையில் ஆள் சேர ஆரம்பித்தது, பதினொன்றே காலுக்கு மேல் வரிசை கரைந்தது. எந்தச் சர்வரும் சிவப்பாகவில்லை. ஒரே ஒரு சலசலப்பு கடைக்குள்ளிருந்துதான்: கணக்காளர் இறக்கும் விற்பனை அறிக்கை 504, அதாவது பதில் வரத் தாமதம் என்ற பிழை, காட்டியது. சர்வர் பதில் தர 30 விநாடி என்று நான் வைத்திருந்தேன், அவர் அறிக்கைக்கு 45 விநாடி ஆகும். லாகில் சிறிய எஸ்ஸும் பெரிய ஹெச்சும், அதாவது ஹெடருக்குக் காத்திருந்து சர்வர் பக்க நேரம் முடிந்தது. அட்மின் பாதைக்கு மட்டும் இரண்டு நிமிடம் என்று தனிப் பகுதி எழுதி ரீலோட் செய்தேன்.

அடுத்த செவ்வாய், பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, இரண்டாவது வெப் சர்வரை ட்ரெயின் நிலைக்கு மாற்றினேன். புதிதாக ஆள் அனுப்பாதே, உள்ளே இருப்பவர்கள் முடித்துக்கொண்டு போகட்டும் என்று அர்த்தம். நிலவரப் பக்கத்தில் அதன் எண் 31, 12, 3 என்று இறங்கி 0 ஆனது. கெர்னல் அப்டேட் போட்டு ரீபூட் செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.